கிரவுட்ஃபண்டிங்: கடன் கிடைக்காமல் இந்தப் பக்கம் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி என் கறித்தூள் மில்லுக்கு வந்திருந்தார். பயணிகளைப் புறாத்தீவுக்குக் கூட்டிப்போகும் படகு வைத்திருக்கிறார். எஞ்சின் பழசாகிவிட்டது, வங்கியில் கடன் கேட்டால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிவரச் சொல்கிறார்கள், அதனால் கிரவுட்ஃபண்டிங் செய்யப் போகிறேன் அக்கா, அதாவது இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்க்கப் போகிறேன் என்று ஒரு தாளை நீட்டினார். வாசிக்க வாசிக்க எனக்கு நெஞ்சு பதறியது. 2023 இல் நான் எழுதிய தாளேதான் அது, எஞ்சின் என்ற இடத்தில் மட்டும் நான் அரைக்கும் இயந்திரம் என்று எழுதியிருந்தேன். நல்ல படம் போடுங்கள், எழுத்துப்பிழை பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

நன்றிப் பொருளை நிறுத்துப் பார்க்காமல் வாக்குக் கொடுப்பது

காசு தருபவர்களுக்கு நன்றியாகத் திருப்பி அனுப்பும் பொருளைத்தான் நன்றிப் பொருள் என்கிறேன். தம்பி எல்லோருக்கும் ஒரு டீசேர்ட் தருவதாக எழுதியிருந்தார். நான் பத்தாயிரம் ரூபா தருபவர்களுக்கு ஒரு கிலோ கறித்தூள் அனுப்புவதாக எழுதியிருந்தேன். எனக்குத் தேவை ஐந்து லட்சம், சேர்ந்தது ஆறு லட்சம். அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். அதில் நாற்பது பேர் பத்தாயிரம் வீதம் தந்தவர்கள், எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள். முதல் பொதியைத் தபால் கந்தோர் தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது, தூள் ஒரு கிலோ என்றாலும் டின், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும், தாண்டினால் அடுத்த படிக் கட்டணம். ஒரு பொதிக்கு ஆறாயிரம் வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்தாயிரத்தில் காசு சேர்த்த இணையத்தளத்தின் கட்டணத்துக்கும் கார்டுக் கட்டணத்துக்கும் எண்ணூறு போனது, தபாலுக்கு ஆறாயிரம், தூளுக்கும் டின்னுக்கும் ஆயிரத்து ஐந்நூறு. மிச்சம் ஆயிரத்து எழுநூறு. அந்த மனிதர் பத்தாயிரம் தந்திருக்கிறார், இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்து எழுநூறு! இப்படியே ஐந்து லட்சம் சேர்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட முந்நூறு பேர் வேண்டும். சின்னத் தொகை தந்து பொருள் எதுவும் எதிர்பாராதவர்களின் காசையும் சேர்த்துக் கடைசியில் என் கையில் நின்றது இரண்டரை லட்சம். மீதிக்குச் சீட்டு கட்டி, இயந்திரம் வாங்க இன்னும் பத்து மாதம் எடுத்தது. அதற்குள் டொரொன்டோவில் இருந்து, என்னை நேரில் கண்டே இராத ஓர் அம்மா, தூள் எப்போது வரும் பிள்ளை என்று மூன்று தரம் கேட்டார். அவருக்குப் பதில் எழுதிய இரவுகளை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது, ஏனென்றால் தபால் கந்தோர் என் வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. ஒரே ஒரு பொதியைக் கட்டி முதலிலேயே நிறுத்திருந்தால் போதும்.

பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2014 இல் கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டிக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1 கோடி 30 லட்சம் டொலருக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். ஆனால் பெட்டியைச் செய்து அனுப்புகிற செலவுக்கு அந்த விலை கட்டவில்லை. 2016 இல், சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டொலர் கட்டுங்கள் என்று காசு தந்தவர்களிடமே திரும்பக் கேட்டார்கள். 2019 கடைசியில் கம்பனியை மூடியபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை.

அதனால் பாரம் இல்லாத நன்றியைக் கொடுங்கள். படகின் பக்கத்தில் பெயர் எழுதலாம், வேலை நடக்கும்போது வீடியோ அனுப்பலாம். பொருள்தான் கொடுக்க வேண்டுமென்றால், ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் கையில் வாங்கிப் போகும்படி எழுதுங்கள்.

வட்டி தருகிறேன் என்று எழுதுவது

தம்பியின் தாளில் இதுவும் இருந்தது, உடனே வெட்டச் சொன்னேன். 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி, மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்கக் கூடாது. நன்றிப் பொருள் என்பது வேறு, "காசைத் தாருங்கள், வருடம் முடிய வட்டியோடு தருகிறேன்" என்று ஊருக்கெல்லாம் சொல்வது வேறு, அது வைப்பு வாங்குவதாகக் கொள்ளப்படலாம்.

தளத்தின் விதியை வாசிக்காமல் இறங்குவது

கிக்ஸ்டார்ட்டரில் இலங்கையில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது. அதோடு, அங்கே இலக்கை எட்டாவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. கீவா என்ற இன்னொரு தளத்தில் கிடைப்பது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். இவை எல்லாம் ஒன்று என்று நினைத்து மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

உறவினர் கணக்கில் காசு வாங்குவது

உறவினர் ஒருவரின் கணக்கில் காசு சேர்ப்பதென்றால், அது உங்களுக்குச் சேர வேண்டிய காசு என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சொந்த மச்சாளாக இருந்தாலும்.

பருவம் பார்க்காதது

அந்தக் குளிர்பெட்டிக்காரர் 2013 கடைசியில், குளிர்காலத்தில், முதல் தடவை கேட்டுத் தோற்றவர். அடுத்த கோடையில் கேட்டபோதுதான் காசு கொட்டியது. தம்பி கார்த்திகையில் தொடங்க இருந்தார். வாடைக்காற்றில் படகே ஓடாத மாதம், கடலைப் படம்பிடித்துப் போட்டால் யாருக்குப் புறாத்தீவு போக மனம் வரும்? சித்திரைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நேற்று போன் எடுத்தார். டீசேர்ட் ஒன்றை உறையில் போட்டுத் தபால் கந்தோரில் நிறுத்துப் பார்த்தாராம். "அதை எடுத்துவிட்டேன் அக்கா, படகில் பெயர் எழுதப் பெயின்ட் எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.