டெல்லியிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

டெல்லி மயூர் விஹாருக்குக் குடிவந்த புதிதில், சென்னைக்கான 1,760 கிலோமீட்டரை, விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று 850ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்ப்பா" என்று போனில் சொல்லிவிட்டேன். அப்பா மீனம்பாக்கத்தில் முக்கால் மணி நேரம் கால்கடுக்க நின்றார். தூரம் சரிதான், நேரத்தில்தான் கோட்டை விட்டேன்.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. டெல்லிக்கு 28.57, 77.10. சென்னைக்கு 12.99, 80.17. ஊரின் நடுவில் அழுத்தினால் கணக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிசகும்.

அட்சரேகை வித்தியாசம் 15.58. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 1,729. தீர்க்கரேகைக்கு அதே 111 ஒத்துவராது. அந்தக் கோடுகள் ஆரஞ்சுச் சுளைகளைப் போல நடுவில் விலகி, துருவத்தில் போய்ச் சேர்பவை. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு டிகிரி சுமார் 104 கிலோமீட்டர்தான். வித்தியாசம் 3.07, ஆக 319.

சரி, இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ். இரண்டையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,758. போன் கால்குலேட்டரே போதும். (போபால், நாக்பூர், விஜயவாடா வழியாக வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு இது சுமார் 2,180 கிலோமீட்டர்!) உள்நாட்டுக்கு இந்த முறை போதும். வெளிநாட்டுத் தூரத்தை மேப்ஸையே அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நேரம். வேகத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து, 1,758ஐ 800ஆல் வகுத்தால் 2.2. இதை 2 மணி 20 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள், 0.2 மணி என்பது 12 நிமிடம். இத்தோடு 35 நிமிடம் சேருங்கள். ஏனென்றால் டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. டெல்லியில் ஜன்னல் வழியே பாருங்கள்: ரன்வேக்குப் போகும் வழியில் ரேஷன் கடை வரிசை மாதிரி முன்னால் நாலைந்து விமானங்கள் நிற்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகமும் கிடையாது. மொத்தம் 2 மணி 47 நிமிடம். டிக்கெட்டிலும் இதையொட்டித்தான் இருக்கும்.

கிழக்கு மேற்காகப் பறந்தால் காற்றையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து பலமாக வீசும். கொல்கத்தாவுக்குச் சீக்கிரம் போய்விடலாம், திரும்பி வரத்தான் தாமதம்.

டெல்லியிலிருந்து சிங்கப்பூர் என்றால் இன்னொரு கழித்தல் உண்டு. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பி மாலை 6.15க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், பயணம் எட்டேகால் மணி நேரமல்ல, ஐந்தே முக்கால்தான். தூரம் சுமார் 4,150 கிலோமீட்டர். 800ஆல் வகுத்து அரை மணி சேர்த்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான் வரும்.