நிலம் வாங்கும் முன் குழி வெட்டிப் பாருங்கள்

மேல்மண்ணை மட்டும் பார்த்து நிலத்தை மதிப்பிடக் கூடாது. உழுது எருப் போட்ட ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை இருக்கலாம், சுண்ணாம்பு கலந்த சுக்கான்கல் இருக்கலாம், இறுகிய களி இருக்கலாம். வீட்டின் பாரத்தைத் தாங்கப்போவதும் மரத்தின் வேர் இறங்கப்போவதும் அந்தக் கீழ்மண்ணில்தான்.

குழி வெட்டுவதற்கு முன் சுற்றுமுற்றும் பாருங்கள். பக்கத்தில் கட்டாத கிணறோ சாலைக்காக வெட்டிய மேடோ இருந்தால், மண் அடுக்குகள் அங்கேயே தெரியும். அக்கம்பக்கத்தில் பல வீடுகளில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால், கொத்தனாரைக் குறை சொல்வதற்கு முன் மண்ணைச் சந்தேகியுங்கள். நிலத்தை இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்: கடுங்கோடையில் ஒன்று, நல்ல மழைக்கு மறுநாள் ஒன்று. கோடையில் மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்குத்தான் மழைக்காலத்தில் அதிர்ச்சி.

உரிமையாளரின் அனுமதி பெற்று மூன்று குழிகள் வெட்டுங்கள். வீடு வரும் இடத்தில் ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, தாழ்ந்த மூலையில் ஒன்று. ஆழம் 1.5 மீட்டர் போதும். அந்த ஆழத்துக்குப் போன குழிக்குள் இறங்காதீர்கள். பக்கச்சுவர் சொல்லாமல் சரியும். ஒவ்வொரு 30 செ.மீ. மண்ணையும் தனிக்குவியலாகப் போட்டால் மேலே நின்றே பார்க்கலாம்.

நிறம் நிறையச் சொல்லும். சாம்பல் நிற மண்ணில் துரு நிறப் புள்ளிகள் இருந்தால், அந்த ஆழத்தில் ஆண்டில் சில மாதங்களாவது தண்ணீர் நிற்கிறது என்று பொருள். இன்று அது காய்ந்து கிடக்கலாம். "இங்கே தண்ணீர் நிற்காது" என்று விற்பவர் சொல்வதைவிட அந்தப் புள்ளிகளை நம்பலாம். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், சாம்பல் கலந்து வந்தால் அது கொட்டி நிரப்பிய மண். பழைய குட்டையோ கல்குழியோ அங்கே மூடப்பட்டிருக்கக்கூடும். அதன்மேல் நிற்கும் வீடு ஒரு பக்கம் அதிகமாக அமிழும். நிரப்பு மண்ணைத் தாண்டி இயற்கை மண்வரை அஸ்திவாரம் போக வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்து மண்ணின் கலவை. ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி ஆடாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், ஓரிரு நாளில் படிவது களி. ஒவ்வொன்று படிந்ததும் ஜாடியில் கோடு போட்டு உயரத்தை அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

களி அதிகம் என்றால் அது நனைந்தால் உப்பிப் பெருகும் களியா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஒரே மாதிரிக் குவளைகளில் நன்கு காய்ந்த, பொடித்துச் சலித்த மண்ணைச் சம அளவு போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரில் உள்ள மண் மற்றதைவிட ஒன்றரை மடங்கு உயர்ந்திருந்தால், மண் பொறியாளரின் அறிக்கை இல்லாமல் வீட்டு வேலையைத் தொடங்க வேண்டாம். கரிசலில் இதை அடிக்கடி பார்க்கலாம். அதே கரிசல் ஈரம் பிடித்து வைப்பதால் பயிருக்கு நல்ல மண். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

வடிகாலைச் சோதிக்க 30 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள குழியில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். முதல் நாள் அளவை நம்பாதீர்கள், காய்ந்த மண் எதையும் குடிக்கும். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. இறங்கினால் தோட்டத்துக்கு நல்லது. அதற்குக் குறைந்தால் வேர் அழுகும், கழிவுநீர் உறிஞ்சுகுழியும் வேலை செய்யாது. 10 செ.மீ.க்கு மேல் போனால் தண்ணீரும் உரமும் நிற்காது.

களியை இளக்க மணல் கலக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் மணல் கலந்தால் அது இன்னும் இறுகும்; மக்கிய எருதான் வழி.

காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீரில் அசைக்காமல் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் பால் போலக் கலங்கினால் களர்த்தன்மை, அதாவது சோடியம் மிகுதி, இருக்கிறது. அந்த மண்ணில் போட்ட கரையை மழை அரித்துத் துளைத்துவிடும். கிணற்று நீரில் இதைச் செய்யக் கூடாது, அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும். தரையில் வெள்ளைப் படிவு இருந்தால் உவரை, அதாவது கரையும் உப்பின் மிகுதியை, சந்தேகியுங்கள். களருக்கு ஜிப்சம், உவருக்கு நல்ல நீரால் கழுவி வடித்தல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம்தான் வீண்.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக 10 இடங்களிலாவது 15 செ.மீ. ஆழத்துக்கு 'V' வடிவில் வெட்டி எடுங்கள். வரப்பு, எருக்குழி, மர நிழல் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். மரம் வைக்கும் எண்ணமிருந்தால் 30, 60, 90 செ.மீ. ஆழங்களிலும் தனித்தனி மாதிரி வேண்டும். பாசனக் கிணற்று நீரையும் கூடவே அனுப்புங்கள். உப்பு நீர் பாய்ச்சினால் நல்ல மண்ணும் சில ஆண்டுகளில் கெட்டுப்போகும்.