மை தடவாத சுவடியைப் படமெடுக்க

எழுத்தாணியால் கீறியதோடு மை தடவாமல் விட்ட ஓலைச்சுவடி, நேர் வெளிச்சத்தில் வெற்று ஓலை மாதிரிதான் தெரியும். அவசரப்பட்டு மை தடவாதீர்கள். அது சுவடிப் பாதுகாப்பாளர் எடுக்க வேண்டிய முடிவு.

முதலில் இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, அளவுகோல், வண்ண அட்டையோடு வழக்கமான படத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை ஏறக்குறைய மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். கீறலுக்குள் நிழல் விழுந்து சுழியும் கொம்பும் அப்படியே எழுந்து நிற்கும், பார்க்கவே அவ்வளவு அழகு! ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவதால், விளக்கைக் குறுகிய முனைப் பக்கம் வைத்தால் நரம்பின் நிழல் தொந்தரவு குறையும். ஆனால் கிடைக்கோடுகள் மங்கும். அதற்காக நீளப் பக்கத்திலிருந்தும் ஒன்று எடுங்கள். மூன்று படத்தின் கோப்புப் பெயரிலும் ஒரே ஏட்டு எண்; பெயரின் கடைசி எழுத்து மட்டும் மாறட்டும். இடையில் ஓலையை அசைக்கவே கூடாது.