உறுப்பு தான விழிப்புணர்வு: கல்லூரிகளில் செய்யக்கூடாத தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் கல்லூரிகளில் உறுப்பு தான நிகழ்ச்சிகள் களைகட்டிவிடும். 3ஆம் தேதி இந்திய உறுப்பு தான நாள், 13 உலக உறுப்பு தான நாள், 25 தொடங்கி செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்), ஒய்ஆர்சி (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) மாணவர்கள் பேனர் பிடித்து நிற்பார்கள். கோலப்போட்டி, பேச்சுப்போட்டி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை என்று எல்லாம் முடிந்தபின் ஒரு கட்டு உறுதிமொழிப் படிவம் வரிசை வரிசையாகக் கைமாறும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வரும்: 'நூற்றுக்கணக்கான மாணவர்கள் உறுப்பு தான உறுதிமொழி.'

அந்த மாணவர்களில் எத்தனை பேர் அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, இப்படி ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கேன்" என்று சொல்லியிருப்பார்கள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. படிவங்களை எண்ணுவதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இந்த நிகழ்ச்சிகளில் நடக்கும் பெரிய தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

படிவம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடலாம். சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்ட படிவம் இந்தக் கணக்கில் தேறாது. ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் பதியும் வசதி 2023 முதல் இருக்கிறது, அது இதைவிட மேல். ஆனால் எப்படிப் பதிந்திருந்தாலும், அந்த நேரம் வரும்போது மருத்துவமனை கேட்பது குடும்பத்தாரிடம்தான். அவர்கள் வேண்டாம் என்றால் எந்த மருத்துவரும் அதற்குமேல் போவதில்லை. பிள்ளையின் பர்ஸில் உறுப்பு தான அட்டை இருப்பதே தெரியாத தாயிடம் அந்த நேரத்தில் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இருபது வயது மாணவர் உறுப்பு கொடுப்பவராக ஆவதைவிட, ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்தில் ஒருவராக ஆவதற்கே வாய்ப்பு அதிகம். சித்தப்பாவுக்கு பைக் விபத்து, அத்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு என்றால் ஊரிலிருந்து பத்துப் பேர் வேன் பிடித்து வருவார்கள். டாக்டர் ஏதோ சொல்வார், பாதி புரியாது. "நீ படிச்ச புள்ள, என்னன்னு நீயே போய் கேளு" என்று முன்னே தள்ளப்படுவது அந்தக் கல்லூரி மாணவர்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த நம் கல்லூரிகளில் இது கண்கூடு. நிகழ்ச்சியைத் திட்டமிடுகிறவர்கள் அந்த மாணவரை மனதில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

2008 செப்டம்பரில் நடந்த ஹிதேந்திரன் நிகழ்வு இன்றும் எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மாணவர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த அவருடைய பெற்றோர் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு இதயம் சில நிமிடங்களில் கொண்டுபோகப்பட்டு, பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மேடையில் பேசுகிறவர்கள் காரின் வேகத்தை விவரிப்பார்கள், கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள் என்பதைப் பேச்சோடு பேச்சாகத் தாண்டிவிடுகிறார்கள். மூளைச்சாவு என்றால் என்னவென்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் மருத்துவர் இருக்க மாட்டார். கல்லூரி மாணவர் இருப்பார்.

மூளைச்சாவை ஒரே வரியில் முடித்துவிடுவது

"மூளை வேலை செய்யாது, ஆனால் இதயம் துடிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகிறார்கள். கேட்பவருக்கு இது கோமா மாதிரிதான் படும். சினிமாவில் பத்து வருடம் கோமாவில் கிடந்தவர் பழைய பாட்டைக் கேட்டதும் எழுந்து உட்காருவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? ஆகவே ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இருபது நிமிடமாவது இதற்கே ஒதுக்க வேண்டும்.

கோமாவில் மூளைக்கு உயிர் இருக்கிறது. பலர் தாமாகவே மூச்சு விடுவார்கள், சிலர் மீண்டும் வருவார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டும் செத்துவிட்டது. மூச்சு விடு என்று கட்டளையிடும் இடமே போய்விட்டதால் மூச்சை வென்டிலேட்டர் தள்ளுகிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை இதயம் தன்னியக்கமாகத் துடிக்கும், ஏனென்றால் துடிப்பை உண்டாக்கும் ஏற்பாடு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. உடம்பைத் தொட்டால் சூடு இருக்கும், மானிட்டரில் கோடு ஓடும். "நெஞ்சு ஏறி இறங்குதே, எப்படி செத்துட்டார்னு சொல்றீங்க?" என்று உறவினர் கேட்பது இதனால்தான். அது முட்டாள்தனமான கேள்வியும் இல்லை.

அப்புறம், எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணில் விளக்கடித்து பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவிழியைப் பஞ்சால் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பார்கள். காதுக்குள் பனிக்கட்டி போல் குளிர்ந்த நீரை விட்டு விழி நகர்கிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில், ஆக்சிஜன் மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தாலும் உடம்பு ஒரு மூச்சு இழுக்கப் பார்க்கும். அதுவும் இல்லை என்றால் குறித்துக்கொள்வார்கள். இந்தச் சோதனைகள் முழுவதையும் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். சான்றிதழில் நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக்கூடாது.

இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னால், 'உறுப்புக்காகச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள்' என்ற பயம் பாதியாகக் குறையும். மேடையில் சத்தமாகச் சொல்லும் எந்த வாசகத்துக்கும் இந்தப் பலன் கிடையாது.

உறுப்பு, கண், உடல்: மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது

'உடல் உறுப்பு மற்றும் உடல் தானம்' என்று பேனரில் ஒரே மூச்சில் எழுதுகிறோம். மூன்றுக்கும் வழி வேறு, நேரம் வேறு, நிபந்தனை வேறு. இங்கேதான் குழப்பம் அதிகம்.

இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், கணையம் போன்றவற்றை இறந்தவரிடமிருந்து பெற, நம் நாட்டில் பெரும்பாலும் ஒரே வழிதான்: மருத்துவமனையில், வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைச்சாவு உறுதியாக வேண்டும். வீட்டில் தூக்கத்தில் இறந்த தாத்தாவின் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியாது. இது தெரியாமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, முடியாது என்ற பதிலைக் கேட்டு மனம் நொந்தவர்கள் உண்டு. எடுத்தபின் இதயத்துக்கு நான்கைந்து மணி நேரம்தான் கெடு. சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும்.

கண் அப்படி இல்லை. வீட்டில் இறந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் கொடுக்கலாம். எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமித் தொற்று, வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் முடியாது. மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டியது இதைத்தான்: உயிர் பிரிந்ததும் கண் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கருவிழி காய்ந்துவிடும். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். பக்கத்து கண் வங்கியைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுவார்கள், முகம் விகாரமாகாது. நிகழ்ச்சி முடிவதற்குள் தங்கள் ஊர் கண் வங்கியின் எண்ணை எல்லா மாணவர்களையும் போனில் சேமிக்க வையுங்கள். ஒரு கட்டு படிவத்தைவிட அந்த எண் உதவும். 2021இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோது அவர் கண்கள் நான்கு பேருக்குப் பார்வை கொடுத்தன, கர்நாடகத்தில் கண் தானப் பதிவுகள் குவிந்தன. அந்த வேகம் தானமாக மாற, சாவு வீட்டில் அந்த போனை எடுத்துப் பேச ஒருவர் வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெரியவர்களால் அது முடியாது.

உடல் தானம் மூன்றாவது வகை. மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு, படிப்புக்காகக் கொடுப்பது. பிரேதப் பரிசோதனை நடந்த உடலை அங்கே வாங்க மாட்டார்கள். ஆகவே விபத்து, தற்கொலை மரணங்கள் பொதுவாக இதற்கு ஆகாது. தொற்றுநோய் இருந்தாலும் ஆகாது. உள்ளுறுப்புகளை எடுத்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. கண்ணைக் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம். 2010இல் மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதி பாசு இறந்தபோது கண்களும் கொடுக்கப்பட்டன, உடலும் கொல்கத்தாவில் மருத்துவக் கல்வி மருத்துவமனைக்குப் போனது. சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடலை 2024இல் குடும்பத்தார் டெல்லி எய்ம்ஸிடம் ஒப்படைத்தார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் கேட்கப்போகும் கேள்வி வேறு: "உடம்பு வீட்டுக்கு வருமா?" உறுப்பு தானம் என்றால் வரும். பிரேதப் பரிசோதனை செய்ததுபோல் தையல் இருக்கும், முகம் அப்படியே இருக்கும், எல்லாச் சடங்கும் செய்யலாம். உடல் தானம் என்றால் முதலில் வீட்டில் வைத்துச் சடங்குகளை முடித்துவிட்டு ஒப்படைக்கலாம், அப்புறம் திரும்பி வராது. இந்த ஒரு பதிலை மாணவர் தெளிவாகச் சொல்லத் தெரிந்துகொண்டாலே போதும், பல வீடுகளில் பேச்சு மேலே நகரும். இதைப் பேச வெட்கப்பட்டுக்கொண்டு 'தியாகம்', 'புண்ணியம்' என்று சுற்றிவளைப்பதில் பயன் இல்லை.

சந்தேகத்தை அடக்கிவிடுவது

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "சார், கிட்னி திருட்டு நடக்குதே?" என்பார். கூட்டம் சிரிக்கும். தொகுத்து வழங்குபவர் மைக்கை வாங்கி 'நல்லதையே நினைப்போம்' என்று முடித்துவிடுவார். அதோடு அந்த அரங்கின் நம்பிக்கை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் சிறுநீரக விற்பனை நடந்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் விற்றார்கள். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கதை எல்லா ஊடகங்களிலும் வந்தது. இவை எல்லாம் உயிரோடு இருக்கும் ஏழைகளிடம் கடனைக் காட்டித் தரகர்கள் செய்தவை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு வேறு பாதையில் போகிறது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ரத்தப் பிரிவு, பதிவு செய்த வரிசை போன்றவற்றைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். உறுப்பு எடுக்கப்படும் மருத்துவமனையில் காத்திருப்பவர்களுக்கும் விதிப்படி ஒரு பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. "அப்போ பணக்காரனுக்குத்தானே போகும்?" என்றால், அரசு மருத்துவமனைகளிலும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது என்பது பதில். தனியாரில் செலவு மலைபோல் இருப்பதும் உண்மைதான். இரண்டையும் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் குழந்தைகள் இல்லை.

புராணத்தை இழுப்பது

கண் தானம் என்றாலே கண்ணப்ப நாயனார் வந்துவிடுவார். கதை நல்ல கதைதான். ஆனால் அவர் உயிரோடு கண்ணைப் பிடுங்கிக் கொடுத்தவர். கேட்ட மாணவர், "நானும் இப்பவே ஒரு கண்ணைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால் அவர்மேல் தப்பில்லை. கொடுக்க முடியாது. கண்ணை இறந்தபின் மட்டுமே எடுக்கலாம்.

சில சின்ன விஷயங்கள்

தமிழ்நாட்டில் உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று அரசு அறிவித்தது. 2023இல் 178 ஆக இருந்த மூளைச்சாவுக் கொடையாளர் எண்ணிக்கை 2024இல் 268 ஆனது. எவ்வளவு தூரம் இந்த அறிவிப்பு காரணம் என்று விவாதிக்கலாம். ஆனால் மாவட்ட அதிகாரிகள் மாலையோடு வீட்டு வாசலுக்கு வருவதை ஊரே பார்க்கிறது. கிராமத்து மாணவர்களிடம் இதைச் சொன்னால் தாங்கள் கண்டதையே சொல்ல ஆரம்பிப்பார்கள், பேச்சு தானாகவே சூடுபிடிக்கும்.

பேச்சாளராக நடிகரையோ பட்டிமன்றக்காரரையோ தேடி அலைய வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். ஐசியு வாசலில் குடும்பங்களிடம் பேசுவதே அவர் வேலை. அவரைக் கூப்பிட்டு, மாணவர்கள் இருவரை மகனாகவும் அம்மாவாகவும் உட்காரவைத்து அந்தப் பேச்சை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவாக நடிப்பவர் தயக்கமில்லாமல் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லட்டும். மகன் என்ன பேசுகிறார் என்று மற்றவர்கள் கேட்கட்டும்.

உறுதிமொழி போட்டவர் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அட்டெண்டன்ஸ் தருகிறோம், இ-சர்டிபிகேட் தருகிறோம் என்று ஆசைகாட்டிக் கையெழுத்து வாங்குவதை அடியோடு நிறுத்த வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்கள் பலருக்கு ஆகஸ்டில் 17 வயதுதான் ஆகியிருக்கும், அவர்களிடம் படிவத்தையே நீட்டாதீர்கள். கண் வங்கி எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.