சித்திரைக்கு முன் தக்காளி: பிசகும் இடங்கள்

குளிர்நாட்டுக்காரர்கள் சீக்கிரம் பழுக்கும் தக்காளியைத் தேடுவது பனி விழுந்துவிடுமே என்ற பயத்தில். மதுரையில் நமக்கு அந்தப் பயம் வெயிலிடம். பங்குனி சூடேறுமுன் காய் பிடித்துவிட வேண்டும்.

பெரும்பாலும் பிசகுவது விதைக்கிற தேதி. பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டால், 25 நாள் நாற்று மாசி நெருங்கும்போதுதான் நடவுக்கு வரும். நட்ட ஒரு மாதத்தில் பூ, அதாவது மாசிக் கடைசி. பிஞ்சு பிடிக்கும் நேரம் பங்குனி. பூ உதிர்ந்தால் எல்லோரும் பகல் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். அதே அளவு கெடுதலை இரவுப் புழுக்கமும் செய்கிறது. தக்காளிக்கு இரவில் 15 முதல் 20 டிகிரி சுகம். தை இரவுகள் இங்கே ஏறக்குறைய அந்த அளவில் இருக்கும். 24, 25ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூக்காம்பு கணுவில் மஞ்சளாகிப் பூ கொட்டிவிடும். கார்த்திகை முதல் வாரம் விதைத்தால் தையில் பூ, மாசியில் பழம்.

கார்த்திகை மழையில் நாற்று அழுகுமே என்றால், அழுகும்தான். பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள். விதையை அரை செ.மீ.க்கு மேல் புதைக்காதீர்கள், சாயங்காலம் தண்ணீர் விடாதீர்கள். வெள்ளை ஈ நுழையாத நைலான் வலை கட்டாயம். நாற்றிலேயே இலைச்சுருள் வைரஸ் வந்தால் பிறகு மருந்து கிடையாது.

பாக்கெட்டில் ‘60 நாள்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் நடவு செய்த நாளிலிருந்து. நாற்றங்கால் நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம்.1 ரகத்துக்கு விதைப்பிலிருந்து அறுவடை முடிய சுமார் 135 நாள். இது புதராக வளரும் ரகம். வீடியோ பார்த்துப் பக்கக் கிளைகளைக் கிள்ளாதீர்கள், பூவே அதில்தான். கொடிபோல் நீளும் ரகங்களுக்கு மட்டுமே அந்த வேலை.

செடி கருகருவென்று இருக்கிறது, பூ இல்லை என்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. யூரியாவையும் கடலைப்பிண்ணாக்குக் கரைசலையும் நிறுத்துங்கள்.

மொட்டைமாடியில் பைகளைத் தளத்தின் மேல் நேராக வைப்பது இன்னொரு தவறு. பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் கக்கும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நிழல்வலை மார்கழி, தையில் வேண்டாம். வெளிச்சம் குறைந்து பூ தள்ளிப்போகும். மாசிக் கடைசியில் கட்டினால் போதும்.

காயின் அடி கறுத்தால் உடனே முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுகிறோம். அது மக்கிச் செடிக்குச் சேர மாதக்கணக்காகும். மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் தண்ணீரைக் கொட்டுவதால்தான் காய்க்கு எட்டுவதில்லை. தினமும் ஒரே அளவு தண்ணீர், மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்கு, அவ்வளவுதான்.

கடைசியாகப் பழம். 30 டிகிரிக்கு மேல் போகப்போகச் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும். வெயிலில் விட்டுவைத்த காய் மஞ்சளாகவே நின்றுவிடுவது அதனால்தான். அடியில் லேசாகச் சிவந்ததும் செங்காயாகப் பறித்து, காம்புப்பக்கம் கீழாக, நிழலில் வைக்கோல்மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பழுக்குமுன் ஃபிரிட்ஜில் வைத்தால் சுவை போய்விடும்.