மேகம் மூடிய கொடைக்கானலில் புற ஊதாவை அளக்கலாம் வாங்க

போன ஏப்ரலில் நாயுடுபுரம் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். வெயிலே இல்லை, வானம் முழுக்க வெள்ளை மேகம். ராத்திரி பின்கழுத்து காந்தியது. அந்தக் கடுப்பில் தொடங்கியதுதான் இந்த வேலை.

புற ஊதாவை உணரும் ஜியுவிஏ-எஸ்12எஸ்டி சென்சார் பலகை ஒன்று வாங்குங்கள். அர்டுயினோ மாதிரி குட்டிக் கணினிப் பலகையெல்லாம் வேண்டாம், மேகம் நகரும்போது எண் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க மல்டிமீட்டர்தான் சரி. மூன்று ஏஏ பேட்டரியில் இணைத்து, சிக்னல் காலில் மில்லிவோல்ட் பாருங்கள். சென்சார்மேல் பிளம்பரின் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். அப்போதுதான் சாய்வாக வரும் ஒளியும் ஒழுங்காகச் சேரும். டேப் கொஞ்சம் ஒளியைத் தின்னும். நமக்கு வேண்டியது விகிதம்தான், பரவாயில்லை.

நான் வழுக்கி விழுந்த இடம் அடுத்தது. பனிமூட்டத்தில் நனையாமலிருக்க எல்லாவற்றையும் பாலிகார்பனேட் பெட்டிக்குள் வைத்து மூடினேன். எண் கிட்டத்தட்ட சுழி. 'மேகம் முழுசாகத் தடுத்துவிடுகிறது' என்று இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தபோதும் அதே சுழி! கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அந்த மூடி புற ஊதாவை விடவே விடாது. சென்சார் முகம் வெளியில்தான் இருக்க வேண்டும்.

சரி, அளவுக்கு வருவோம். ஏப்ரலில் இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12.20 வாக்கில். மேகமில்லாத நாளில் அப்போது வரும் எண்ணை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கேரம் காயைக் குடைக்கம்பி நுனியில் ஒட்டி, 40 செ.மீ. தள்ளிப் பிடித்து அதன் நிழலைச் சென்சார்மேல் விழவையுங்கள். சூரியனைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். உள்ளங்கையால் மறைத்தால் பாதி வானமும் சேர்ந்து மறைந்துவிடும். எனக்கு 40 நின்றது. அதாவது அத்தனையும் நீல வானம் சிதறடித்து அனுப்பியது. அலைநீளம் குறையக் குறையக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அலைநீளம் குறைந்த புற ஊதாவுக்கு வானமே ஒரு விளக்கு.

மெல்லிய வெண்மேகத்தில் 75, மழைமேகத்தில் 30. உதிரி மேகங்களுக்கு நடுவே சூரியன் எட்டிப் பார்த்த நிமிடத்தில் 112! நேர்வெயிலோடு மேகத்தின் வெள்ளை விளிம்பு திருப்பி அனுப்பியதும் சேர்ந்துகொண்டது.

பின்சேர்க்கை: பவர் பேங்க்கில் மாட்டினால் அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறதென்று குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சென்சார் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். எதுவும் மாட்டவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. பேட்டரியே போடுங்கள். காலையில் எண் குறைந்தால் டேப்பைத் தொட்டுப் பாருங்கள், பனி ஈரம் இருக்கும்.