பிரிட்டிஷ் கூடைப்பந்து சீசன் ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்வது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் பிரிட்டனின் தொழில்முறைக் கூடைப்பந்தைப் பார்க்கத் தொடங்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிரிட்டனில் செப்டம்பர் வாக்கில் தொடங்கி வசந்த காலம் வரை நீளும் லீக் ஆட்டங்களின் முடிவில் பட்டியலின் உச்சியில் நிற்கும் அணியே அந்த ஆண்டின் லீக் சாம்பியன். அதன் பிறகு முதல் எட்டு அணிகள் மோதும் பிளே-ஆஃப், தனியானதொரு பட்டம். இவை தவிர கப், டிராஃபி என இன்னும் இரண்டு போட்டிகள் குளிர்காலத்திலேயே நடந்து முடிகின்றன. ஆகவே எந்த ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தாலும், அது இந்த நான்கில் எதற்குரியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாவிட்டால், பயிற்சியாளர் முக்கிய வீரரை ஏன் நெடுநேரம் வெளியே உட்கார வைத்திருக்கிறார் என்பதுகூட விளங்காது.

நான்கு பட்டங்களும் ஒரே அணியிடம் சேர்வது மிக அரிது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் பொறுப்பேற்றிருந்த ஃபேபுலஸ் ஃபுளோர்னாயின் தலைமையில் நியூகாசில் ஈகிள்ஸ் 2005-06 சீசனிலும் மீண்டும் 2011-12 சீசனிலும் அதைச் சாதித்தது. மாறாக 2021-22 சீசனில் லீக் பட்டத்தையும் பிளே-ஆஃபையும் லெஸ்டர் ரைடர்ஸ் வென்றபோது, கப் மான்செஸ்டர் ஜயன்ட்ஸுக்கும் டிராஃபி செஷயர் ஃபீனிக்ஸுக்கும் போயின. என் கருத்தில் இப்படிப் பட்டங்கள் பிரிந்து கிடக்கும் சீசன்களே புதியவருக்கு நல்ல பாடம். ஜனவரியில் வெல்லும் அணிக்கும் மே மாதத்தில் வெல்லும் அணிக்கும் தேவைப்படும் வலிமைகள் வெவ்வேறு என்பதை அவற்றில் தெளிவாகக் காணலாம்.

பழைய முடிவுகளைத் தேடும்போது பெயர் மாற்றத்தையும் நினைவில் வையுங்கள். 1987 முதல் நடந்துவந்த பிரிட்டிஷ் பாஸ்கெட்பால் லீக்கின் உரிமத்தைப் பிரிட்டிஷ் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2024 கோடையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஒன்பது அணிகளுடன் சூப்பர் லீக் பாஸ்கெட்பால் தொடங்கியது. லெஸ்டர் ரைடர்ஸ், நியூகாசில் ஈகிள்ஸ், ஷெஃபீல்ட் ஷார்க்ஸ், லண்டன் லயன்ஸ் போன்ற அணிகள் இரண்டு அமைப்புகளிலும் ஆடியிருப்பதால், அமைப்பின் பெயரைவிட அணியின் பெயரை வைத்துத் தேடுவதே எளிது.

லீக் பட்டியலைப் படிக்கும்போது வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதிகளில் குவிவதாலும், ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் அணிகளின் உள்நாட்டு ஆட்டங்கள் வேறு நாளுக்கு மாறுவதாலும், சீசனின் நடுவில் ஓர் அணி மற்றோர் அணியைவிட மூன்று நான்கு ஆட்டங்கள் குறைவாக ஆடியிருக்கக்கூடும். அத்தகைய நேரத்தில் தோல்விகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்; இன்னும் ஆடாத ஆட்டத்தை வெல்ல வழியுண்டு, தோற்ற ஆட்டத்தைத் திருத்த வழியில்லை. அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு ஊர்களில் ஓர் அணி ஆட நேரும்போது, இரண்டாம் நாளின் கடைசிக் கால்பகுதியில் அதன் தற்காப்பு எப்படித் தளர்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ஆட்ட நேரம் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். என்.பி.ஏ.வில் இது நாற்பத்தெட்டு நிமிடமும் ஆறு ஃபவுலும் என்பதால், அங்கே சாதாரணமாகத் தோன்றும் இரண்டாவது ஃபவுல் இங்கே முதல் பாதியிலேயே ஒரு வீரரை ஓரங்கட்டிவிடும்.

மிகவும் நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளி முறை. பிரிட்டிஷ் பாஸ்கெட்பால் லீக் பல ஆண்டுகளாகப் பிளே-ஆஃப் காலிறுதிகளையும் அரையிறுதிகளையும் இப்படித்தான் நடத்தியது: சொந்த அரங்கில் ஒன்று, எதிரணியின் அரங்கில் ஒன்று, இரண்டின் புள்ளிகளையும் கூட்டி முடிவு. இதில் முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது. கூடைப்பந்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ‘டிரா’ அது. முதல் ஆட்டத்தில் 9 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி, இரண்டாம் ஆட்டத்தில் 30 விநாடிகள் எஞ்சியிருக்கும்போது 7 புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பார்த்தால் அது வெல்லும் அணி, கணக்கைப் பார்த்தால் இன்னும் 2 புள்ளிகள் பின்தங்கிய அணி. எனவே முன்னிலையில் இருக்கும் அணியே கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். சரியாக 9 புள்ளிகளில் வென்றால் மொத்தம் சமமாகி ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் ஆடப்படும். இத்தகைய ஆட்டத்தைப் பார்க்கும்போது முதல் ஆட்டத்தின் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பின்தொடரும் சீசனில் இந்த முறையா, அதிக வெற்றி பெற்றவர் முன்னேறும் தொடர் முறையா என்பதை அந்த ஆண்டின் விதிகளில் முன்கூட்டியே பார்த்துவிடுவது அவசியம்.

எந்த அணியைப் பின்தொடர்வது என்ற கேள்விக்கு, அரங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட காப்பர் பாக்ஸ் லண்டன் லயன்ஸின் களமாக விளங்கியது. அந்தக் கிளப்பின் மகளிர் அணிதான் 2024-இல் ஐரோப்பிய மகளிர் கிளப் போட்டியான யூரோகப்பை வென்றது. நியூகாசிலும் லெஸ்டரும் தங்களுக்கென அரங்குகளைக் கட்டி, அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்சி தருகின்றன. சில ஆயிரம் பேர் மட்டுமே அமரும் இத்தகைய அரங்குகளில் பயிற்சியாளரின் குரல்கூடக் காதில் விழும்.

பிளே-ஆஃப் இறுதி லண்டனின் ஓ2 அரங்கில் முடிந்த மறுவாரமே அணிகள் கலையத் தொடங்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்து வரும் வீரர்கள் பலர் ஓராண்டு ஒப்பந்தத்திலேயே வருவதால், சீசன் முடியும்போது உங்கள் அணியின் பெயர்ப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, செப்டம்பரில் திரும்பி வருபவர் யார் யார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.